பின்னேர வெளிக்கிடுகை: இரண்டரை வயதுப் பிள்ளையும் ஏழு மாத வயிறும் கொண்ட கிளிநொச்சிக் குடும்பமொன்றின் உலா குறித்த ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

"சும்மா ஒருக்காப் போட்டு வருவம்" என்ற வாக்கியத்தோடு தொடங்கி, "இனி இந்தப் பிள்ளையோட ஒரு இடமும் வாறேல்லை" என்ற வாக்கியத்தோடு முடிவடையும் குடும்பச் செயற்பாடொன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. முக்கிய முடிவுகள் நான்கு. (அ) வெளிக்கிடுவதென்று தீர்மானித்த நேரத்துக்கும் வெளிக்கிட்ட நேரத்துக்கும் இடையே அறியப்பட்ட தொடர்பு எதுவுமில்லை. (ஆ) எவர் தூக்கக்கூடாதோ அவரிடமே பிள்ளை தூக்கச் சொல்லும். (இ) வடமாகாணத்தின் மிகப் பெரிய குளத்தை ஓர் ஆட்டுக்குட்டி முற்றாக மறைத்துவிடும். (ஈ) கொண்டுபோகும் பையின் எடை, போகும் தூரத்தில் தங்கியிருப்பதில்லை. அது எதில் தங்கியிருக்கிறது என்பது ஆறாம் பகுதியில் விளக்கப்படும். அவசரக்காரர் நேரே அங்கே போகலாம். ஆனால் பிள்ளையோடு போகிறவர் எவரும் எங்கும் நேரே போனதில்லை.

1. ஆய்வுப் பிரச்சினையும் வரைவிலக்கணமும்

வன்னி குறைவாக ஆராயப்பட்ட பிரதேசம் என்று எவரும் சொல்லமுடியாது. அதன் குளங்கள், நெல்லினங்கள், யானைகள், காணிப் பிணக்குகள், கடன் சுமை எல்லாவற்றுக்கும் அறிக்கைகள் உண்டு. போர் முடிந்த பின்வந்த ஆண்டுகளில் வினாக்கொத்தோடு படலையைத் திறந்து வந்தவர்களின் தொகை, விருந்தினராய் வந்தவர்களின் தொகையை விஞ்சியிருக்கும். மலசலகூடம் உண்டா, எத்தனை கோழி, ஒருநாளைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு என்று கேட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடும்பமாக எங்கே போனீர்கள்?" என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியை நிரப்புகிறது.

பின்னேர வெளிக்கிடுகை என இங்கு கொள்ளப்படுவது மூன்று நிபந்தனைகளைப் பூர்த்திசெய்யும் பயணமாகும். முதலாவது, அது தேவையற்றதாக இருத்தல் வேண்டும். கிளினிக், வங்கி, கச்சேரி, செத்தவீடு ஆகியன இதனால் விலக்கப்படுகின்றன. இரண்டாவது, போகிறவர்களில் ஒருவராவது வழியில் எதையாவது வாங்கித் தின்னல் வேண்டும். மூன்றாவது, போனவர்கள் அன்றைக்கே திரும்பி வந்து, தாங்கள் பூட்டிய கதவைத் தாங்களே திறத்தல் வேண்டும். மூன்றாம் நிபந்தனை சொல்லாமலே விளங்குவது, அதை எழுதத் தேவையில்லை என்று இதன் முதல் வரைவைப் படித்த கொழும்பு நண்பர் ஒருவர் ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனை நன்றியுடன் நிராகரிக்கப்பட்டது.

2. ஆய்வுக் களம்

கிளிநொச்சி நகரம் யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையில்லாப் பிரச்சினையையும் தணிக்க 1936இல் ஏற்பட்ட குடியேற்றத் திட்டத்தின் பிள்ளை. 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 1,13,510 பேர் இருந்தனர். வயிற்றிலிருப்பவர்களைக் கணக்கெடுப்பு சேர்ப்பதில்லை. ஆனால் பின்னேர வெளிக்கிடுகையில் அதிக செல்வாக்குச் செலுத்துவோர் அவர்களே என்பதை இவ்வாய்வு காட்டும்.

களத்தின் வானியலும் கவனிக்கத் தக்கது. கிளிநொச்சி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை வடக்கே கிடக்கிறது. ஆகவே பொழுது படும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேதான் முன்பின்னாகும். கோடையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் நிற்கும் ஐரோப்பாவில் குடும்பம் சாவகாசமாகச் சப்பாத்துத் தேடலாம். இங்கே வெயில் தணிவது நாலரை, மம்மல் ஆறரை. இடையிலுள்ள இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஏற்றி, இறக்கி, மகிழ்வித்து, அழவைத்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆய்வு நடந்தது ஆனி மாதத்தில். சோளகம் வீசும் காலம். முகத்தில் போட்ட பவுடர் படலையைத் தாண்டுவதில்லை.

போகக்கூடிய இடங்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். முல்லைத்தீவார் கடற்கரைக்குப் போவர். வவுனியாவார் நகரத்துக் குளத்தடிக்குப் போவர். கிளிநொச்சியாருக்கு இரணைமடுக் குளம், முறிகண்டிப் பிள்ளையார் கோயில், கண்டி வீதிக் குளிர்பானக் கடைகள், செலவைக் குறைக்க விரும்புவோருக்குப் புகையிரத நிலையம். 2013 செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிவரை வந்தபோது பெரியவர்கள் கொழும்புக்குப் போகலாம் என்று மகிழ்ந்தனர். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது எங்கும் போகவேண்டிய பொருளல்ல. கைகாட்டி அனுப்பவேண்டிய பொருள்.

3. முறையியல்

மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் கூடாரமடித்துத் தங்கி, பங்கேற்பு அவதானிப்பு என்ற முறையை மானிடவியலில் நிலைநாட்டினார். இவ்வாய்விலும் அதுவே கைக்கொள்ளப்பட்டது. ஒரு வேறுபாடு: மலினோவ்ஸ்கி விரும்பினால் கூடாரத்துக்குள் போய்க் குறிப்பெழுதலாம். இவ்வாய்வாளர் ஆய்வுக்குட்பட்ட குடும்பத்தின் தகப்பன். பை தூக்குதல், காசு கொடுத்தல், எது பிழைத்தாலும் அதற்குக் காரணமாயிருத்தல் ஆகிய கடமைகளுக்கிடையிலேயே அவதானிக்க வேண்டியிருந்தது. குறிப்புகள் கச்சான் சுற்றிய கடதாசியில் எழுதப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியை ஆய்வுக்குட்பட்ட சிறியவர் வாயில் போட்டுவிட்டமையால் தரவில் சிறு இடைவெளி உண்டு.

4. முன்னைய புலமை

பிள்ளைத்தாச்சிப் பெண் வெளியே போவது குறித்து வன்னியில் இரு சிந்தனைப் பள்ளிகள் நிலவுகின்றன.

முதலாவது அம்மம்மா பள்ளி. இது வாய்மொழி மரபு; எழுத்து ஆதாரம் கேட்பவரை அது மதிப்பதில்லை. உச்சி வெயிலிலும் மம்மல் பொழுதிலும் வெளியே நிற்கக்கூடாது. போவதானால் வேப்பமிலையோ சிறு இரும்போ கையோடிருக்க வேண்டும். பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை மறுக்கக்கூடாது. அவளோ அவளின் புருஷனோ தேங்காய் உடைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி பின்னர் பெரும் சிக்கலைத் தரும். இரண்டாவது குழந்தை வரப்போவதை முதலில் அறிவித்ததும் இப்பள்ளியே. பிள்ளை குனிந்து தன் இரு கால்களுக்கிடையால் பின்னே பார்த்ததை அம்மம்மா கண்டார். "அடுத்தது வரப்போகுது" என்றார். பரிசோதனைப் பட்டி அதற்குப் பின்னரே வாங்கப்பட்டது.

இரண்டாவது மிட்வைஃப் அக்கா பள்ளி. இதன் தலைமையகம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. இதன் நூல் கிளினிக் கொப்பி. நடப்பது நல்லது, மோட்டார் சைக்கிளில் குலுங்கப் போவது நல்லதல்ல, தண்ணீர் குடிக்க வேண்டும், எங்கே போனாலும் கொப்பி கையோடு போக வேண்டும். திரிபோஷா வழங்குவதும் இப்பள்ளியே. 1970களிலிருந்து சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்து நாடு முழுவதும் தாய்மாருக்குக் கொடுக்கப்படும் இந்தச் சத்துமாவைத் தாய் உண்ண வேண்டும் என்பது கொள்கை. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டையாக்கியதும் முதலில் பிள்ளை, அடுத்து தகப்பன், மிச்சம் தாய் என்பது நடைமுறை.

இரு பள்ளிகளும் ஒன்றையொன்று வெளிப்படையாக மறுப்பதில்லை. மிட்வைஃப் அக்கா வரும்போது அம்மம்மா வேப்பமிலையை மறைப்பார்; அம்மம்மா வரும்போது மிட்வைஃப் அக்கா சிரிப்பை மறைப்பார். இருவரும் ஒருமித்துச் சொல்லும் ஒரே விதி: "மூத்ததைத் தூக்காதை."

5. கண்டறிதல்கள்

5.1 வெளிக்கிடும் நேரம்

சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த நோர்த்கோட் பார்க்கின்சன் 1955இல் புகழ்பெற்ற விதியொன்றை வெளியிட்டார்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கும் அந்த வேலை விரிந்து நிரம்பும். கிளிநொச்சித் தரவுகள் இவ்விதியின் போதாமையைக் காட்டுகின்றன. இங்கே வேலை, கொடுத்த நேரத்தை நிரப்பியபின் நிற்பதில்லை.

நான்கு மணிக்குப் பிள்ளை குளிப்பாட்டப்படுகிறது. பம்பஸ் கட்டி, சட்டை போட்டு, பவுடர் பூசி, நாவூறு படாமலிருக்கக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, சப்பாத்தும் போட்டாயிற்று. அந்தக் கணத்தில், முன்னர் அல்ல, பம்பஸ் நிரம்புகிறது. சுற்று மீண்டும் தொடங்குகிறது. இரண்டாம் சுற்றில் பிள்ளை சப்பாத்தை மறுத்துத் தகப்பனின் செருப்பைக் கோருகிறது. அடுத்து தாய். ஏழாம் மாதத்தில் அலுமாரி நிறைய உடுப்பிருந்தும் உடம்புக்குக் கொள்ளுவது ஒன்றேயாகையால் தெரிவு சுருக்கமானது. மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பதே நீண்டது.

இவ்வேளை தகப்பன் படலையடியில் நிற்கிறான். தமிழ் இலக்கணம் முல்லைத் திணைக்குக் காடும் காடு சார்ந்த இடமும் நிலம், மாலை சிறுபொழுது, இருத்தல் உரிப்பொருள் என வகுத்தது. காடும் மாலையும் காத்திருத்தலும் ஒருங்கே அமைந்த வன்னிப் படலையடி தூய முல்லை. முன்னாள் முல்லையில் வீட்டுக்குள்ளிருந்து வழிபார்த்தவள் தலைவி. இந்நாளில் வெளியே நின்று உள்ளே பார்ப்பவன் தலைவன்.

"என்னப்பா, இருட்டப்போகுது."

"இஞ்சருங்கோ, உதில நிண்டு கத்தாமல் வந்து இவளின்ர மற்றச் சப்பாத்தைத் தேடுங்கோ."

5.2 வாகனம்

மோட்டார் சைக்கிளை மிட்வைஃப் அக்கா பள்ளி தடைசெய்ததால் அயலிலுள்ள ஓட்டோ அண்ணை அழைக்கப்பட்டார். ஓட்டோவில் இடப்பிரச்சினை தீர்ந்தது. அதிகாரப் பிரச்சினை தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் எங்கே நிறுத்துவது என்பதைத் தகப்பன் முடிவுசெய்வான். ஓட்டோவில் ஹோர்ன் சத்தத்தை விரும்பும் இரண்டரை வயதுக்காரியும், அதை மறுக்கத் தெரியாத அண்ணையும் கூட்டாட்சி அமைத்தனர். பரவிப்பாஞ்சானிலிருந்து இரணைமடுச் சந்திவரை கண்டி வீதியிலிருந்த ஒவ்வொரு மாட்டுக்கும் ஹோர்ன் அடிக்கப்பட்டது.

5.3 தேங்காய்ச் சிக்கல்

இரணைமடுச் சந்தியில் திரும்பாமல் நேரே தெற்கே போனால் முறிகண்டி. கோயில் முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் வருவதால் இவ்வுலா மாவட்ட எல்லை கடந்த ஒன்று என்பது பதியப்படுகிறது. வீதியோரம் சிறு பிள்ளையார். ஆனால் ஏ9 வீதியில் ஓடும் பஸ், லொறி, வான் எதுவும் அவரைக் கடந்து சும்மா போவதில்லை. நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டே போகும். நிற்காமல் போகும் துணிவு எந்தச் சாரதிக்கும் இல்லை.

தேங்காய் வாங்கியாயிற்று. யார் உடைப்பது? தாய் பிள்ளைத்தாச்சி, விலக்கு. தகப்பன் பிள்ளைத்தாச்சியின் புருஷன், விலக்கு. பிள்ளை தேங்காயைத் தூக்க முடியாமல் அதன் மேல் இருந்துவிட்டது. எஞ்சியவர் ஓட்டோ அண்ணை. அவரிடம் தேங்காய் நீட்டப்பட்டபோது அவர் பின்வாங்கினார்.

"எனக்கும் ஏலாது தம்பி. வீட்டில அவவுக்கு அஞ்சு மாசம்."

ஆக, நான்கு பேர் நின்ற இடத்தில் ஒரு தேங்காயை உடைக்க ஆளில்லை. மாவட்டத்தின் சனத்தொகை வளர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான சான்றைக் குடிசன மதிப்பீடு தந்ததில்லை. இறுதியில் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி யாழ்ப்பாணம் போகும் லொறியின் சாரதி தன் தேங்காயை உடைத்துவிட்டு, தகப்பனின் கையிலிருந்ததையும் சைகையால் கேட்டு வாங்கி ஒரே அடியில் பிளந்தார். பிள்ளை கைதட்டியது. அவருடைய மனைவியின் நிலை என்னவென்று ஆய்வாளர் விசாரிக்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் ஆய்வு நெறியே.

5.4 கச்சானும் வயிற்று ஆரூடமும்

கச்சான் கடைகளின் வரிசையைக் கடப்பதற்குள் தாயின் வயிறு மும்முறை பரிசீலிக்கப்பட்டது. அறிமுகமில்லாப் பெண்மணிகள் முகமன் கூறாமலே "எத்தினை மாசம் பிள்ளை?" என்று தொடங்கினர். "வயிறு முன்னுக்குத் தள்ளிக் கிடக்கு, பெடியன்தான்" என்றார் ஒருவர். "முகம் நல்லா வடிவாக் கிடக்கு, பெட்டைதான்" என்றார் அடுத்த கடைக்காரர். மூன்றாமவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "எதெண்டாலும் சுகமாப் பிறக்கட்டும் மோனை" என்று தீர்ப்பளித்து, அளந்ததற்கு மேல் ஒரு பிடி கச்சான் அள்ளிப் போட்டார். பிழைக்க முடியாத எதிர்வுகூறல் அது ஒன்றே, பரிசளிக்கப்பட்டதும் அதற்கே. ஆய்வாளர் அந்தக் கடையில்தான் வாங்கினார்.

முழுக் கச்சான் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் என்பது மிட்வைஃப் அக்கா பள்ளியின் உறுதியான நிலைப்பாடு. எனவே பிள்ளையின் பங்கு இடித்துக் கொடுக்கப்பட்டது. பிள்ளை அதில் ஒரு சிட்டிகையை எடுத்துத் தாயின் சட்டைமேல், வயிற்றின் நடுவில் வைத்தது. "பாப்பாவுக்கு." சற்றுப் பொறுத்து, பாப்பா தின்னாததைக் கண்டு, தானே எடுத்துத் தின்றது. உடன்பிறந்தாரிடையே பங்கீடு எவ்வாறு அமையும் என்பதற்கான முதல் தரவு இது.

5.5 குளமும் ஆட்டுக்குட்டியும்

இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கியது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளம், பின்னாளில் பலமுறை உயர்த்தப்பட்டு, இன்று 36 அடிவரை நீர் கொள்ளும். 2018 டிசம்பர்க் கடைசி வெள்ளத்தில் இதன் வான்கதவுகளால் பாய்ந்த தண்ணீரை மறந்தவர் மாவட்டத்தில் இல்லை. மாவட்டத்தின் சோறு இதிலிருந்தே வருகிறது.

முறிகண்டியிலிருந்து திரும்பிக் குளத்தடிக்கு வந்தாயிற்று. குளக்கட்டில் ஏறிய ஆண்கள் அனைவரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "எத்தினை அடி நிக்குது?" குசலம் விசாரிப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்வி இது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைப் போகத் தொடக்கக் கூட்டத்தில் தீர்மானிப்பது குளத்தில் நிற்கும் அடிக்கணக்கே. ஆகவே ஆண்களுக்குக் குளம் பார்ப்பதென்பது அளவுகோல் பார்ப்பது. பெண்களுக்கு அது காற்றுப் படும் இடத்தில், இருப்பதற்குத் தோதான கல்லொன்றைக் கண்டுபிடிப்பது. ஏழு மாத வயிற்றோடு தாழ்ந்த கல்லில் இருந்தால் எழும்புவது கடினம். உயர்ந்த கல்லில் ஏறுவது கடினம். தகுந்த உயரமான கல் கட்டின் மறுகோடியில் இருந்தது.

பிள்ளை குளத்தைப் பார்க்கவில்லை. கட்டின் கீழே மேய்ந்த ஆடுகளில் ஒன்றுக்குப் பின்னால் வெள்ளைக் காதுடைய குட்டி நின்றது. பிள்ளையின் பார்வைக் கோட்டில் குட்டி வந்த கணத்தில் குளம், வான்கதவு, அடிவானம் எல்லாம் ஆய்வுக் களத்திலிருந்து அகன்றன. "அங்க பார் செல்லம், எவ்வளவு தண்ணி" என்று தகப்பன் காட்டியபோது பிள்ளை தண்ணீரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆடு குடிக்குமோ?" என்று கேட்டது. நீர்ப்பாசனத்தின் அடிப்படைக் கேள்வி அதுவே என்பதை ஆய்வாளர் பின்னரே உணர்ந்தார்.

5.6 தூக்கல் விதி

ஆட்டுக்குட்டி போய்விட்டது. பிள்ளை களைத்தது. கை நீட்டியது. தகப்பன் குனிந்தான். "அப்பா வேண்டாம். அம்மா தூக்குங்கோ."

இவ்விதியைப் பலவழிகளில் சோதித்தாயிற்று. தகப்பன் ஆட்டுக்குட்டிபோல் கத்தினான், பயனில்லை. ஓட்டோ அண்ணை ஹோர்னை முன்வைத்தார், பயனில்லை. தூக்கக்கூடாதவர் என்பது பிள்ளைக்கு எப்படியோ தெரிகிறது. அந்த மடியில் இன்னொருவர் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டதை அது அறிந்து, தன் உறுதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கேட்கிறது என்று அம்மம்மா பள்ளி விளக்கம் தருகிறது. மிட்வைஃப் அக்கா பள்ளி தந்த தீர்வு நடைமுறைக்குகந்தது: தாய் கல்லில் இருந்துகொண்டாள், பிள்ளை தானே ஏறிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, தூக்காமலே தூக்கியதாகியது. காது வயிற்றில் பட்டது. உள்ளேயிருந்தவர் உதைத்தார். வெளியேயிருந்தவர் திரும்பக் குத்தினார். முதல் சண்டை இவ்வாறு பிறப்பதற்கு முன்னரே நடந்தேறியது.

5.7 திரும்புதல்

திரும்பும் வழியில் பாலைப்பழம் கண்ட தாய், நிறுத்தச் சொன்னாள். ஆனி மாதத்தில் வன்னிக் காட்டுப் பாலை பழுத்து வீதியோரம் வரும். வாயில் பிசினாய் ஒட்டும். அதற்கு ஆசைப்பட்டவரை மறுக்கக்கூடாது என்பது விதி. மம்மலுக்கு முன் வீடு சேரவேண்டும் என்பதும் விதி. ஒரே பள்ளியின் இரு விதிகள் மோதினால் எது வெல்லும் என்பதற்கு அம்மம்மாவிடம் தொலைபேசியில் பதில் கேட்கப்பட்டது. "பழத்தை வாங்கிக்கொண்டு கெதியா வாறது." புலமையில் முதிர்ச்சி என்பது இதுதான். பிள்ளை வீட்டுக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கும்போது நித்திரையாகி, படலை திறக்கும் சத்தத்தில் விழித்து, இனி இரவு பதினொரு மணிவரை நித்திரையில்லை என்ற அறிவித்தலோடு இறங்கியது.

6. விவாதம்: பையின் எடை

இதுவரை சொன்னவை உலகத்துக்குப் பொதுவானவை. யப்பானிலும் பிள்ளை சப்பாத்தை மறுக்கும். பிரேசிலிலும் தூக்கல் விதி செல்லுபடியாகும். நான்காம் முடிவு வன்னிக்குரியது.

இரண்டு மணித்தியால உலாவுக்குத் தாய் அடுக்கிய பையில் இருந்தவை: பம்பஸ் ஒரு பொதி, மாறுடுப்பு மூன்று, துவாய் இரண்டு, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், பால்மா, சூப்பிப் போத்தல், மாரி பிஸ்கட், திரிபோஷா உருண்டை, சித்தாலேப, காய்ச்சல் பாணி, நுளம்புக்குப் பூசுவது, கிளினிக் கொப்பி, ரோர்ச் லைற், மெழுகுதிரி, தீப்பெட்டி. அடியில், தண்ணீர் படாமல் இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, அடையாள அட்டைப் பிரதிகள், காணிப் பேமிட்.

மெழுகுதிரிவரை ஆய்வாளருக்கு விளங்கியது. குளம் பார்க்கப் போவதற்குக் காணிப் பேமிட் எதற்கு என்று கேட்கப்பட்டது.

"பின்ன, அதை வீட்டில வைச்சிட்டுப் போறதோ?"

அம்மம்மா பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "96 ஆடியில ரெண்டு நாளில வந்திடலாம் எண்டுதான் மோனை நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். உலை வைச்ச பானையை இறக்கி மூடி வைச்சிட்டு."

1996 ஜூலைக் கடைசியில் கிளிநொச்சியை நோக்கிச் சத்ஜய இராணுவ நடவடிக்கை தொடங்கியது. சனம் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கம் போனது. அந்த இரண்டு நாள் ஆண்டுகளாகியது. பிறகு திரும்பி வந்து, கூரை போட்டு, கிணறு இறைத்து, தென்னை வைத்து இருந்தபோது 2008 வந்தது. இந்தப் பிள்ளையின் தாய் அப்போது பள்ளிக்கூடம் போகும் சிறுமி. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோரிடத்திலும் சில நாளுக்கென்று அவிழ்த்த மூட்டை மீண்டும் கட்டப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்த இடத்திலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். திரும்பி வந்தவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது, இந்தக் காணி உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்பது. பொலித்தீனில் சுற்றிக் கொண்டுதிரிந்தவர்கள் எடுத்துக் காட்டினர். மற்றவர்கள் இன்னும் கந்தோர்களில் ஏறி இறங்குகின்றனர்.

இதனால் பெறப்படும் விதி: பையின் எடை, போகப்போகும் பயணத்தின் நீளத்துக்கு நேர்விகிதசமனல்ல; பையை அடுக்குபவர் தன் வாழ்நாளில் போன மிக நீண்ட பயணத்தின் நீளத்துக்கே அது நேர்விகிதசமன்.

வரைவிலக்கணத்தின் மூன்றாம் நிபந்தனை ஏன் எழுதப்பட்டது என்பது இப்போது விளங்கும். போனவர் அன்றைக்கே திரும்பித் தன் கதவைத் தானே திறப்பார் என்பது இந்தத் தரையில் தலைமுறைகளுக்கு உறுதியாயிருந்ததில்லை. கொழும்பு நண்பருக்கு உலா என்றால் போவது. கிளிநொச்சியில் உலா என்றால் வருவது. குளமும் கோயிலும் கச்சானும் அதற்கான சாட்டுகளே.

விதிக்கு எதிர்ச்சான்று தேடுவது ஆய்வாளர் கடமை. பிள்ளைக்கும் முதுகில் மாட்டும் சின்னப் பையொன்று உண்டு. அன்று அதைத் தானே அடுக்கியது. வீடு வந்தபின் அது திறந்து பரிசோதிக்கப்பட்டது. உள்ளே ஒரு கச்சான் கோது, அரை பிஸ்கட், அதன் ஒற்றைச் சப்பாத்து. அந்தப் பிள்ளை வாழ்நாளில் போன மிக நீண்ட உலா முறிகண்டிவரை. விதி பொருந்துகிறது.

7. முடிவும் பரிந்துரைகளும்

ஒன்று, வெளிக்கிடும் நேரத்தை முற்கூட்டித் தீர்மானிப்பதைக் குடும்பங்கள் கைவிடலாம். வெளிக்கிட்டபின் அந்த நேரமே தீர்மானித்த நேரம் என்று அறிவித்தால் பல சண்டைகள் குறையும்.

இரண்டு, பிள்ளைத்தாச்சிக் குடும்பங்கள் முறிகண்டிக்குப் போகும்போது, மனைவி பிள்ளைத்தாச்சியல்லாத ஓட்டோக்காரர் ஒருவரை முற்கூட்டியே தெரிவுசெய்தல் நன்று. இதற்குரிய தகவலை மிட்வைஃப் அக்காவிடம் பெறலாம். அவரிடம் எல்லாருடைய மாதக் கணக்கும் உண்டு.

மூன்று, குளக்கட்டுகளைத் திருத்தும்போது நடுத்தர உயரமான இருக்கைகள் சிலவற்றை அமைப்பது குறித்து உரிய திணைக்களம் ஆலோசிக்கலாம். ஆட்டுக்குட்டிகளுக்கு மேலதிக ஏற்பாடு தேவையில்லை.

நான்கு, பையின் எடையைக் குறைக்கும் முயற்சிகள் எவையும் பரிந்துரைக்கப்படவில்லை. காணிப் பேமிட்டை வெளியே எடுத்துவைக்கச் சொல்லும் அதிகாரம் அந்த மூட்டையைச் சுமந்து நடக்காதவருக்கு இல்லை.

எதிர்கால ஆய்வுக்கு இடமுண்டு. ஆவணி கழிய வீட்டில் நால்வர். அப்போது மூத்தது தூக்கச் சொல்லும்போது மடியில் ஆள் இருக்கும், சண்டை வெளிப்படையாக நடக்கும். அதைவிட முக்கியமான ஆய்வு இன்னும் இருபத்தைந்து ஆண்டு பொறுத்துச் செய்யவேண்டியது. இந்த இரண்டு பிள்ளைகளும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் வெளிக்கிடும்போது பையில் என்ன இருக்கிறது என்று அப்போதைய ஆய்வாளர் எவராவது பார்க்க வேண்டும். ஒரு பம்பஸும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் மட்டும் இருக்குமானால், ஆறாம் பகுதி வரலாற்றுக் குறிப்பாகும். தன் கண்டுபிடிப்பு காலாவதியாக வேண்டுமென்று விரும்பும் ஆய்வாளர் அரியர். இவர் அவர்களில் ஒருவர். அதுவரை பையை அவரே தூக்குவார்.